இரண்டு பேருக்கு ஒரு பேர்

கோயமுத்தூரில் எங்கள் வீதி முனையிலிருந்த செல்போன் கடையில் எந்நேரமும் ஈயம் பற்றவைக்கும் புகை வாசம் இருக்கும். பக்கத்து பேக்கரியில் தேங்காய் பன் இறங்கும் வாசமும், சாயங்காலமானால் தள்ளுவண்டியில் காளான் கிளறும் மசாலா நெடியும் அதோடு வந்து கலந்துகொள்ளும். நகத்தளவு மெமரி கார்டை நீட்டினால், கடை அண்ணன் கேட்ட பாட்டோடு கேட்காத பாட்டையும் ஏற்றித் தருவார். ஆதி, ஜீவா என்ற இருவரின் ராப் இசைக்குழுவான ஹிப்ஹாப் தமிழா எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

அவர்களுடைய ‘கிளப்புல மப்புல’ 2011-இல் ரேடியோவில் கிளம்பி ஊரெல்லாம் பரவியிருந்தது. பெண்களைப் பழிக்கிற பாட்டு என்று அக்கா அதைக் கேட்ட மாத்திரத்தில் அணைத்துவிடுவாள். அவள் கோபத்தின் நியாயம் எனக்குப் பிடிபட இன்னும் கொஞ்சம் வயதாக வேண்டியிருந்தது. எங்களைக் கட்டிப்போட்டது அடுத்த வருடம் வந்த ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம். படமில்லாமல், கதாநாயகன் இல்லாமல் பாட்டு மட்டும் தனியாக வரும் என்பதே புதிதாக இருந்தது. அதிலும் பாடுகிற ஆதி நம்ம ஊர்ப் பையன் என்று கடை அண்ணன் சொன்னதிலிருந்து, பஸ்ஸில் போகிற மீசைக்கார அண்ணன்மாரையெல்லாம் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு வருவேன்.

செல்போனை வெண்கலச் சொம்புக்குள் நிறுத்திவைத்தால் சத்தம் கனமாக வரும் என்று கண்டுபிடித்தவன் சின்னம்மா பையன். ‘செந்தமிழ்ப் பெண்ணே’ சொம்புக்குள்ளிருந்து ஒலிக்க, திண்ணையில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்த, அம்மாவைப் பெற்ற அமுச்சி நிமிர்ந்து, “ஏங்கண்ணு, இதென்ன பாட்டா? மஞ்ச மண்டியில ஏலம் உடறாப்புல இருக்குது!” என்றார். சொல்லிவிட்டு அவரும் தலையாட்டிக்கொண்டேதான் அரிந்தார்.

பிறகு நாங்களும் ஒரு குழு ஆனோம். அவன் ஜாமெட்ரி பாக்ஸைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் தட்டுவான், நான் பாட வேண்டும். சொந்தமாக வரி எழுதத் தெரியாததால் மனப்பாடமாயிருந்த குறள்களை எடுத்துக்கொண்டேன். முதல் அடி நான்கு தட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாம் அடியில் மூன்றே சீர் என்பதால் கடைசித் தட்டு சும்மா இருந்தது. அங்கேதான் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டுமென்று தானாகத் தெரிந்தபோது, வள்ளுவர் எங்களுக்காகவே இடம் விட்டுவைத்தது போலப் பூரித்துப்போனேன். அவன் ஒரு தட்டு தவறினாலும் என் நாக்கு குழறும். தாளம் போடுகிறவனைப் பிடித்துக்கொண்டுதான் பாடுகிறவன் நடக்கிறான் என்று அந்தத் தகரப்பெட்டிதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

அதன்பிறகு ஜீவாவைத் தேட ஆரம்பித்தேன். முன்னால் நின்று பாடுகிற ஆதியை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கூட இசையமைக்கிற ஜீவாவைக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் பாதிப்பேர் விழித்தார்கள். 2013-இல் ‘எதிர்நீச்சல்’ படத்தில் அனிருத்தின் இசையில் ஆதியின் குரல் வந்தபோது ஊரே கொண்டாடியது. நாங்களும் கொண்டாடினோம், ஆனாலும் சின்னம்மா பையனுக்கு ஒரு குறை. “ஜீவா எங்கடா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

2015 பொங்கலுக்கு ‘ஆம்பள’ வந்தது. அவர்கள் இசையமைத்த முதல் படம். தியேட்டரில் டைட்டிலில் இசை: ஹிப்ஹாப் தமிழா என்று வந்ததும் அவன் எழுந்து நின்று விசிலடித்தான். முன்சீட்டுப் பெரியவர் திரும்பி, “யாரு தம்பி அது?” என்றார். “அது ஒருத்தர் இல்லீங்க, ரெண்டு பேருங்க!” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

ஒருவர் முகம் வெளிச்சத்திலும் மற்றவர் உழைப்பு பின்னாலும் போய்விடுகிற தொழில் அது. அதில் அந்த இருவரும் பாட்டுக்குப் பாட்டு, படத்துக்குப் படம் ஒரே பேரைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்கள் பாட்டுகளைவிட அதுதான் எனக்கு அதிகம் பிடித்தது.