செவிலி ஊற்றிய தண்ணீர்

திருமுழுக்கு என்று இன்று வழங்கும் ஞானஸ்நானத்தைப் பதிவுசெய்யும் ஏட்டிலே, 'அளித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பக்கம் பக்கமாக அவ்விடத்தில் குருக்களின் பெயர்களே காணப்படும். நமது பங்கின் ஏட்டிலோ, ஓரிடத்தில் ஒரு செவிலியின் பெயர் இருக்கிறது. அவர் கிறிஸ்தவர் அல்லர். அப்பெயரை எழுதியது நமது கையே. அந்த வரலாறு நமக்குச் சற்று வெட்கம் தருவதெனினும், குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்லுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இளம் தம்பதியர் தங்கள் தலைச்சன் குழந்தைக்கு ஞானஸ்நான நாள் குறிக்க வந்தனர். குழந்தைக்கு இரண்டு வாரமே ஆகியிருந்தது. ஞானத்தந்தையாக நிற்க வேண்டிய தாய்மாமன் வளைகுடா நாட்டில் வேலையிலிருந்தார். அவருக்கு விடுமுறை கிடைக்க மூன்று மாதமாகும், அதுவரை பொறுக்கலாமா என்று கேட்டனர். முதல் வாரங்களிலேயே குழந்தைக்கு ஞானஸ்நானம் பெறுவிக்கப் பெற்றோர் கடமைப்பட்டவர்கள் என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (எண் 867). அதை எடுத்துரைக்க வேண்டியவர் நாமே. ஆனால் பங்குத் திருவிழாவின் கொடியேற்றம் நெருங்கியிருந்தது. வேலை ஒன்று குறைந்ததென்று எண்ணி, "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டோம்.

ஐந்தாம் வாரத்தில் குழந்தைக்கு மூச்சுத்திணறல் கண்டது. நகரத்து மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவிலே சேர்த்தார்கள். நள்ளிரவில் நிலைமை மோசமாயிற்று. செய்தி கிடைத்து நாம் போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. வாசலில் பாட்டியம்மாள் நின்றிருந்தார். "சாமி, நர்சம்மாதான் தண்ணி ஊத்துச்சு. அந்தப் பொண்ணு நம்ம வேதம் இல்ல. அது செல்லுமா சாமி?" என்று கேட்டார்.

உறவினர் எவரையும் உள்ளே விடாத அறை அது. பெற்றோர் செயலற்று அமர்ந்திருக்க, பாட்டி கதவருகே நின்று வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்து, மூன்று முறை திருப்பிச் சொல்லச் செய்த பின்னரே செவிலி உள்ளே சென்றிருக்கிறார். அவரைத் தனியே விசாரித்தோம். ஆறவைத்த தண்ணீரைக் கரண்டியால் தலைமீது வழியவிட்டதையும், அப்போது சொன்ன வார்த்தைகளையும் தவறாமல் கூறினார். "என்ன கருத்தோடு செய்தீர்கள்?" என்றோம். "உங்கள் கோவிலில் எதற்காகச் செய்வீர்களோ, அதற்காகத்தான் செய்தேன், ஃபாதர்" என்றார். குருமடத்தில் பல ஆண்டு பயின்ற நாமும் அதைவிடத் திருத்தமாகச் சொல்லியிருக்க மாட்டோம்.

பாட்டியிடம் வந்து, "செல்லும் அம்மா" என்றோம்.

ஆயர், குரு, திருத்தொண்டர் ஆகியோரே ஞானஸ்நானத்தை வழக்கமாக அளிப்போர். ஆனால் அவசர வேளையில், திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்துடைய எவரும், ஞானஸ்நானம் பெறாதவரும்கூட, அதை அளிக்கலாம். 1439-இல் ஃபுளோரன்ஸ் சங்கம் இதைத் தெளிவாக எடுத்துரைத்தது. பேதுரு அளித்தாலும் யூதாஸ் அளித்தாலும், உண்மையில் அளிப்பவர் கிறிஸ்துவே என்பது புனித அகுஸ்தினாரின் போதனை.

ஆயினும் வார்த்தைகளை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. 'நான்' என்பதற்குப் பதிலாக 'நாங்கள்' என்று சொல்லி அளித்தது செல்லாது என 2020-இல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அறிவித்தது. ஆகவே வீட்டிலுள்ள அனைவரும் மனத்தில் இருத்துங்கள்: உயிருக்கு ஆபத்தான வேளையில், குழந்தையின் தலைமீது தண்ணீர் வழிந்தோட ஊற்றிக்கொண்டே, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.

இறையருளால் குழந்தை பிழைத்தது. மாமனும் வந்து சேர்ந்தார். கோவிலில் கூடிய உறவினர், 'முறைப்படி' இன்னொரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டினர். படம் பிடிக்க ஒருவர் காத்திருந்தார். நாம் இசையவில்லை. ஞானஸ்நானம் ஆன்மாவில் பதியும் அழியா முத்திரை. ஒருமுறை பெற்றதை மறுமுறை அளிக்கலாகாது. கிறிஸ்மா தைலம் பூசி, வெண்ணாடை அணிவித்து, பாஸ்காத் திரியில் ஏற்றிய விளக்கைக் குடும்பத்தார் கையில் தந்தோம். பின்பு ஏட்டைத் திறந்து, மருத்துவமனையில் அளிக்கப்பட்ட நாளையும் செவிலியின் பெயரையும் எழுதினோம். எழுதும்போது, திருவிழா வேலையில் நாம் சொன்ன "ஆகட்டும்" நம் காதில் ஒலித்தது.

அன்பார்ந்த பெற்றோரே, குழந்தை பிறக்குமுன்பே பங்குக் குருவை அணுகலாம் என்று அதே சட்டம் கூறுகிறது. ஆயத்த வகுப்பை அப்போதே முடித்துக்கொள்ளுங்கள். விருந்தும் மண்டபமும் காத்திருக்கட்டும். குழந்தையைக் காக்க வைக்காதீர்கள். உங்கள் குரு "ஆகட்டும், பிறகு பார்க்கலாம்" என்றால், இந்தச் செவிலியின் கதையை அவருக்கும் சொல்லுங்கள்.