குழுவுக்குள் காசு வரும் வழி

மாடித்தோட்டக்காரர்களுக்கு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன் என்றால், "அதில் என்ன சார் வரும்படி?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வரும்படி உண்டு. ஆனால் கேட்பவர் நினைக்கும் பக்கத்திலிருந்து அது வருவதில்லை.

அவர் மனதில் இருப்பது யூடியூப். 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை சேர்ந்தால் விளம்பரப் பணத்தில் பங்கு கேட்கலாம். நீள வீடியோ என்றால் 55 சதவீதம் நமக்கு. ஆனால் தமிழ் வீடியோவுக்கு விளம்பரக்காரர் கொடுக்கும் விலை குறைவு. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018இல்தான். கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே வங்கிக்குப் பணம் வரும். சின்ன சேனலுக்கு அதற்கே பல மாதம் பிடிக்கும். இதை நம்பி யாரும் வேலையை விட வேண்டாம்.

காசு பெறும் பொருள் வேறு. ஒருவர் மிளகாய்ச் செடியைப் படம் பிடித்துப் போட்டு, "இலை சுருளுது, என்ன அடிக்கலாம்?" என்கிறார். ஐந்து நிமிடத்தில் பத்து மருந்துப் பெயர் வந்து விழும். நான் கேட்பது ஒன்றுதான்: "இலை மேல்பக்கமாகச் சுருள்கிறதா, கீழ்ப்பக்கமாகவா? அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள்." மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு நின்றால் சிலந்திப்பேன். இலைப்பேனுக்கு அடிப்பதையெல்லாம் சிலந்திப்பேன் கேட்காது. அதற்குக் கந்தகம் பேசும். இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்கிறார் என்பதற்காகத்தான் ஜனங்கள் குழுவில் இருக்கிறார்கள்.

குழு கொஞ்சம் வளர்ந்ததும் மருந்து விற்பவர்கள் தேடி வருவார்கள். "உங்கள் லிங்க்கில் வாங்கினால் கமிஷன்." சுலபமான பணம், எனக்கும் கசக்காது. ஆனால் கமிஷன் வாங்கியவன் அடிப்பக்கப் படம் கேட்கமாட்டான். கேட்டால் பாட்டில் விற்காது. பாதிப் பேருக்குத் தேவை மருந்தே இல்லை, நுனியைக் கிள்ளிவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும். காசு வாங்கிப் போடும் பதிவில் 'விளம்பரம்' என்று குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் நெறிமுறை வகுத்தது. குறிப்பிட்டாலும் பயிருக்கு மருந்து சொல்லும் இடத்தில் எனக்கு அது ஒத்துவராது. பை, பூவாளி, நிழல்வலை விற்பவர்களின் விளம்பரத்தைப் போடுவேன், மேலே 'விளம்பரம்' என்று எழுதி. மருந்து, உரம் வேண்டாம்.

அப்படியானால் மிச்சம்? கூட்டுக் கொள்முதல். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தென்னை நார்க்கழிவு ஐந்து கிலோ கட்டிகளாக மொத்தமாக இறக்குகிறோம். கடையில் தனியாக வாங்குவதைவிட உறுப்பினருக்கு விலை குறையும், கட்டிக்குச் சில ரூபாய் குழுவுக்கு நிற்கும். இதில் சூட்சுமம் உப்பு. கழுவாத நார்க்கழிவில் உப்பு ஏறியிருக்கும், நாற்றின் இலை ஓரம் கருகும். லோடு இறங்கியதும் இரண்டு கட்டியை ஊறவைத்து, வடிந்த நீரை உப்பு மீட்டரில் பார்த்த பிறகே மற்றதைப் பிரித்துக் கொடுப்போம். உறுப்பினர் தரும் அந்தச் சில ரூபாய் இந்தச் சோதனைக்குத்தான். தலைவலியும் உண்டு: "நாளைக்கு எடுத்துக்கிறேன்" என்றவர்களின் கட்டிகள் என் வீட்டு வராந்தாவை அடைத்துக்கொண்டு கிடக்கும். முன்பணம் இல்லாமல் ஆர்டர் எடுக்காதீர்கள்.

அடுத்தது கட்டண வகுப்பு. ஆனி மாதம் நடத்தினால் நிரம்பும், ஏனென்றால் ஆடிப்பட்டம் வாசலில் நிற்கும். அதையே ஐப்பசி மழையில் வைத்தால் இலவசமாக அழைத்தாலும் ஆள் வராது.

ஆண்டுச் சந்தாவும் வைத்திருக்கிறோம். மாதச் சந்தா வேண்டாம். மாதாமாதம் நினைவூட்டினால் நாம் கடன்காரரை விரட்டுகிறவர் போல் ஆகிவிடுவோம். 1,000 உண்மையான ரசிகர்கள், ஆளுக்கு ஆண்டுக்கு 100 டாலர் தந்தால் ஒரு கலைஞன் பிழைக்கலாம் என்று அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008இல் எழுதினார். கணக்கு சரி, தொகை நம் ஊருக்கு ஆகாது. ஆளுக்கு 300 ரூபாய் என்றால் 1,000 பேரிடம் மூன்று லட்சம். ஆனால் இலவசக் குழுவில் இருக்கும் எல்லோரும் சந்தாவுக்கு வரமாட்டார்கள். வருவது ஒரு சிறு பங்குதான். அதை வைத்தே கணக்குப் போடுங்கள்.

பணம் கட்டியவருக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? வாரம் ஒருநாள் நேரடிக் கேள்வி பதில், வகுப்பில் முன்னுரிமை. விதைப் பரிமாற்றத்தைச் சந்தாவுக்குள் அடைக்கவில்லை. அவரவர் தோட்டத்தில் எடுத்த நாட்டு விதையைத் தபால் செலவுக்கு அனுப்புவது உறுப்பினர்களின் கொடை; அதற்கு நான் விலை வைத்தால், அடுத்த ஆண்டு அனுப்ப ஆள் இருக்காது.

குழு தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வரவு செலவை ஆண்டுக்கு ஒருமுறை குழுவிலேயே போட்டுவிடுங்கள். எதில் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, உங்கள் கூலி எவ்வளவு என்று எழுதுங்கள். கூலி எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு எடுத்தால் யாரும் கோபப்படுவதில்லை.