மோட்டாரை மூடிவைக்கும் முறை

நான் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவன். 'இவெர்னாஜ்' என்ற சொல்லை அங்கேதான் மனப்பாடம் செய்தேன். படகு, மோட்டார் போன்றவற்றைக் குளிர்காலம் முடியும்வரை பக்குவமாக ஒதுக்கிவைப்பது என்று பொருள். வெப்ப நாடுகளுக்குப் போன பிரெஞ்சுக்காரர்கள் மழைக்காலத்தையும் அதே சொல்லால்தான் குறித்தார்கள். புதுச்சேரிப் பையனுக்குக் குளிர்காலம் ஏது? ஐப்பசி மழைதான். சொல் மனதில் தங்கியது. அந்த வேலையை எழுபது வயதுக்குப் பிறகுதான் கண்ணால் பார்த்தேன்.

மகள் பிரான்ஸின் மேற்குக் கடற்கரையில், பிரெத்தாஞ் பகுதியில் இருக்கிறாள். மாப்பிள்ளையும் நம் ஊர்க்காரர்தான். மீன் பிடிக்கச் சின்னப் படகு ஒன்று வைத்திருக்கிறார். நான் போயிருந்தபோது அக்டோபர் கடைசி. "மாமா, சும்மா உட்கார்ந்திருக்காதீங்க, வாங்க" என்று கையில் ஒரு பழந்துணியைக் கொடுத்தார்.

பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் அடிப்பகுதி முங்கும்படி மாட்டிப் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டார். உள்ளே தங்கிய உப்பு கழுவிப் போகவேண்டுமாம். பிறகு பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, மிச்சமிருந்ததும் தீர்ந்து அது தானாக நிற்கும்வரை காத்திருந்தார். தேங்கிய பெட்ரோல் பிசின் போலாகிக் கார்புரேட்டரின் துளைகளை அடைத்துவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, கயிற்றை நாலைந்து முறை மெல்ல இழுத்தார். அடியில் கியர் ஆயிலை வடித்தார். அது பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும்வரை ஏற்றினார். புரொப்பல்லரின் பின்னால் சுற்றியிருந்த நைலான் நூலை எடுத்துவிட்டுக் கிரீஸ் தடவினார். கடைசியில் தண்ணீர் முழுக்க வடியும்படி மோட்டாரை நிமிர்த்தி நிறுத்தினார்.

"இதெல்லாம் செய்யாவிட்டால்?" என்றேன்.

"தண்ணி உறைஞ்சு விரிஞ்சா கூடே வெடிச்சிடும் மாமா."

"நம்ம ஊரில் உறையாதே?"

"உறையாது. ஆனா உப்பு அங்கேயும் உப்புதானே!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துக்கு வீராம்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்தார். மானியத்தில் வாங்கிய மோட்டார். "மழைக்கு முன்னாடி வீட்டுல ஏத்தி வச்சேன் ஐயா. மழை விட்டு இழுத்தா கயிறே வரல" என்றார். பழுதுபார்க்க உதவி கேட்டு மனு எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் கோப்பில் ஒரு வரி எழுதினேன்: 'பராமரிப்புக் குறைவு, பரிசீலிக்கத் தக்கதன்று.' மேலே கையெழுத்தாகி வந்துவிட்டது.

பராமரிப்பு என்றால் என்னவென்று எனக்கே தெரியாது. அவருக்குக் கொடுத்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அவரோ கைநாட்டு. ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரும், சிறிது ஆயிலும், சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் இருந்திருந்தால் அந்த மோட்டார் பிழைத்திருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் ஒருவன்.

ஊர் திரும்பியதும் அவரைத் தேடிப் போனேன். காலமாகிவிட்டார். மகன் காபி வாங்கிக்கொடுத்தான். அவனுக்கு அந்த மனுவே நினைவில்லை. "அந்த மோட்டாரை அப்பா பழைய இரும்புக்குப் போட்டாரு சார்" என்றான். மாப்பிள்ளை செய்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதி அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது; பெட்ரோலைத் தீர்ப்பதும், சிலிண்டரில் ஆயில் விடுவதும் மட்டும் புதிது. கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது மோட்டார் வைத்திருந்தால், ஐப்பசி பிறக்கும் முன் இதைப் படித்துக் காட்டுங்கள். நான் எழுதிய அந்த ஒரு வரியை இனித் திருத்த முடியாது. இதையாவது எழுதிவைக்கிறேன்.