சொல்லாமல் சாகும் டிஸ்க்

"ரெண்டு ஸ்குரூவைக் கழட்டி மாட்டுறதுக்கு ஐநூறு ரூவாயா தம்பி?"

ஜெராக்ஸ், ரீசார்ஜ், லேப்டாப் சர்வீஸ் மூன்றும் ஒரே ஷட்டருக்குள் நடக்கும் எம்.ரெட்டியபட்டிக் கடை அது. அங்கே அடிக்கடி விழும் கேள்வி இது. கேட்கிறவர்களையும் குறை சொல்ல முடியாது. யூடியூபில் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியை அவர்களே ஆன்லைனில் வாங்கிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கடைக்காரத் தம்பி கூலிக் கணக்குக்குள் போவதில்லை. "பழசுக்குள்ள என்ன இருக்கு? அதுல எதெல்லாம் வேணும்?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார். பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது.

மேசை மேல் அடுக்கிக் கிடப்பவற்றில் பெரும்பாலானவை 'கவர்மெண்ட் லேப்டாப்'. 2011 செப்டம்பர் 15-ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த, மாணவர்களுக்கான இலவச லேப்டாப் திட்டம். அரசு நிறுவனமான எல்காட் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கைக்குப் போனது. வாங்கிய பிள்ளைகளில் பலர் திருப்பூர், கோயம்புத்தூர் என்று பிழைப்புக்குப் போய்விட்டார்கள். லேப்டாப் வீட்டிலேயே தங்கி, தங்கச்சிக்கு, அத்தை மகனுக்கு என்று கைமாறிக்கொண்டிருக்கிறது. ஆன் பண்ணிவிட்டு டீக்கடைக்குப் போய்வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் எல்லாருடைய புகாரும்.

இதற்கு ப்ராசஸரைத் திட்டிப் பயனில்லை. அந்த ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுபவை. நொடிக்கு 90. ஒரு தகவல் வேண்டுமென்றால் படிக்கும் முள் அது இருக்கும் தடத்துக்கு நகர வேண்டும். அந்த இடம் சுழன்று முள்ளுக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பதினைந்து, இருபது மில்லி நொடி. ஆக, நொடிக்கு ஐம்பது அறுபது தேடல்தான் தேறும். விண்டோஸ் எழுந்து உட்காருவதற்கோ சின்னச் சின்னத் துண்டுகளாக ஆயிரக்கணக்கில் தகவல் வேண்டும். எஸ்எஸ்டிக்குள் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகச் சில்லுகள்தான் உள்ளே. ஒரு தேடலுக்கு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பழைய மெஷினின் சாட்டா இணைப்பு புது டிஸ்க்கின் முழு வேகத்தையும் வாங்காவிட்டாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது இதனால்தான்.

நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது தம்பி கையில் எடுத்தது, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருவருடைய லேப்டாப். முதலில் பேட்டரி. அதைக் கழற்றிய பிறகு பவர் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தார், மிச்சக் கரண்ட் வடியட்டும் என்று. ஸ்குரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே காந்தத் தட்டில் வைத்தார். நீள ஸ்குரூ குட்டை ஸ்குரூவின் குழிக்குள் போனால் மேலே கீபோர்டுப் பக்கம் முட்டிக்கொண்டு வந்துவிடுமாம். அடிமூடி திறந்ததும் ஃபேன் முழுக்கக் கரிசல் தூசியும் பஞ்சும் அப்பிக் கெட்டித்திருந்தது. "இது பரவால்லண்ணே. மொளகா வத்தல் கமிஷன் கடை லேப்டாப்னா மாஸ்க் போட்டுத்தான் தொறப்பேன்" என்றார்.

டிஸ்க்கை மேலே நெம்பக் கூடாது. கனெக்டரிலிருந்து பக்கவாட்டில் இழுக்க வேண்டும். இழுத்தார், புதிதை மாட்டவில்லை. பழையதை ஒரு யூஎஸ்பி கேபிளில் கோத்துத் தன் கம்ப்யூட்டரில் சொருகினார். ஹெல்த் பார்க்கும் மென்பொருள் மஞ்சள் காட்டியது. அதைப் பார்க்கும் முன்பே டிஸ்க்கைக் காதருகே கொண்டுபோயிருந்தார். அருப்புக்கோட்டை நூற்பாலையில் ஃபிட்டர்கள் பேரிங் சத்தத்தை வைத்தே எந்த மிஷின் படுக்கப்போகிறது என்று சொல்வார்களே, அந்தக் காது.

"குளோன் போட்டா பாதியிலயே இது போயிரும். முழுசையும் எடுக்க வேணாம். திரும்பக் கெடைக்காதது எதுன்னு மட்டும் சொல்லு பாப்பா."

சான்றிதழ்கள் என்று சொல்வார் என நினைத்தேன். அவற்றை டிஜிலாக்கரில் எடுத்துக்கொள்ளலாம் என்றுவிட்டார் அந்தப் பெண். "காலேஜ் புராஜெக்டுக்கு அப்பத்தா ஒப்பாரி பாடுனத ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தேண்ணே. அது மட்டும் எடுத்துக் குடுங்க." அந்த ஃபோல்டர்தான் முதலில் வந்தது. நடுவில் ஒரு ஃபைலில் டிஸ்க் நின்று 'டிக் டிக்' என்றது. கேபிளை உருவி, ஆறவிட்டு, மறுபடி. கூலி ஐநூறு இந்த இடத்துக்குத்தான் என்பது என் கணக்கு. அவரோ ஸ்குரூவுக்கு வாங்குவதாகவே சொல்லிக்கொள்கிறார். டேட்டா எடுத்ததற்கு என்று தனியாகக் கேட்டால் சண்டை வருமாம்.

அதன்பின் மாட்டுவதும் விண்டோஸ் ஏற்றுவதும் சடசடவென்று நடந்தன. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. 11-க்கு இந்த வயது மெஷின்கள் தகுதிப் பட்டியலிலேயே இல்லை. படிக்க மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுத் தரலாம்; தருகிறார். ஆனால் இ-சேவை வைத்திருப்பவருக்கு ரேகைக் கருவியின் டிரைவர் வேண்டும், டைப்பிங் செய்பவருக்கு வானவில் எழுத்துரு வேண்டும், என்எச்எம் ரைட்டர் வேண்டும். மின்ட் கேட்டவர்கள் மறுவாரமே விண்டோஸுக்குத் திரும்பி வருகிறார்கள். ஆரம்ப ஆண்டு லேப்டாப்களில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். அதைத் திறந்து பார்த்த ஒருவரையாவது நான் இன்னும் சந்திக்கவில்லை.

கடையில் விற்கும் எஸ்எஸ்டி சரக்கு மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வருகிறது. விலை ஏறிவிட்டது என்று தம்பி புலம்புகிறார். உலகம் முழுக்க ஏஐ டேட்டா சென்டர்களுக்கு நினைவகச் சில்லுகள் மொத்தமாகப் போவதால் 2025 கடைசியிலிருந்தே எல்லா ஊரிலும் இதே புலம்பல்தான்.

எஸ்எஸ்டியை விற்கிறவர், அதைப் பற்றி அத்தனை பெருமையாகப் பேசுவதில்லை. "ஹார்ட் டிஸ்க் சாகும்போது சத்தம் போட்டுச் சொல்லிட்டுச் சாகும்ணே. இது சொல்லாது. ஒரு நாள் காலைல ஆன் பண்ணா டிஸ்க்கே இல்லம்பான்." இந்தப் பக்கத்தில் கரண்ட் வந்து வந்து போகும். பேட்டரி செத்த லேப்டாப்பை நேரடியாக சார்ஜரில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் பட்டென்று போனால், மலிவு எஸ்எஸ்டியில் கையிலிருந்த தகவலை எழுதி முடிக்கத் தெம்பு தரும் மின்தேக்கி கிடையாது. அதனால் பேட்டரி மாற்றாத மெஷினுக்கு எஸ்எஸ்டி போடுவதில்லை என்று வைத்திருக்கிறார். வியாபாரத்துக்கு ஆகாத கொள்கை.

சாயங்காலம் வந்த பெரியவர் அதில்தான் முட்டிக்கொண்டார். பேத்தியின் லேப்டாப், பேட்டரி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பேட்டரிக்கும் சேர்த்துச் சொன்ன தொகையைக் கேட்டு எழுந்துவிட்டார்.

"அருப்புக்கோட்டையில வெறும் எஸ்எஸ்டி மட்டும் போட்டுத் தாரேங்கிறான்."

"போட்டுத் தருவாங்க அண்ணாச்சி. பேத்தியோட போட்டோ கீட்டோ இருந்தா மட்டும் இப்பவே ஒரு பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டுப் போங்க. அதுக்குக் காசு வேணாம்."

பெரியவர் பென் டிரைவ் என்ன விலை என்று கேட்டார்.