தோளும் தொந்தியும்

மகளின் திருமணத்தையொட்டிச் சட்டைக்கு அளவெடுக்க வந்த தையற்காரர், நம் இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாற்பத்திரண்டு" என்று தம் பையனிடம் உரக்கச் சொன்னார். பையன் குறித்துக்கொண்டான். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சேர்ந்து சிரித்தோம். நம்முடைய திருமணத்தின்போது அதே நாடா முப்பதைக் காட்டியது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

நம் வாப்பா மாரடைப்பில் மறைந்தபோது அவர்களுக்கு வயது 58. தையற்காரர் அளவெடுத்த அன்று நமக்கு 57.

திருமணம் முடிந்த மறுவாரமே மருத்துவரிடம் சென்றோம். எடை 86 கிலோ. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. "நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பின் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது. உங்களுக்கு 106 இருக்கிறது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பைவிட, வயிற்றுக்குள்ளே உறுப்புகளைச் சூழ்ந்து நிற்கும் கொழுப்பே அதிகம் கெடுதல் செய்வது" என்றார் அவர்.

எதையும் அரைகுறையாகச் செய்து பழகியவர்கள் அல்லோம் நாம். அன்றே காலைப் பசியாறுதலை நிறுத்தினோம். பகலில் ஒரு கரண்டிச் சோறு. இரவில் ஒரு கிண்ணம் கோதுமைக் கஞ்சி. இறைச்சி, மீன், முட்டை எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தோம். மூன்று மாதத்தில் 8 கிலோ இறங்கியது. தெருவில் கண்டவர்களெல்லாம் பாராட்டினார்கள். நமக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அவ்வேளையில்தான் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் மௌத்தானார். சிறுவயதில் நம்மைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குக் கூட்டிச் சென்று கப்பல் காட்டியவர் அவர். சந்தூக்கைத் தூக்கும் முறை நமக்கு வந்தபோது ஆவலோடு தோள் கொடுத்தோம். பத்தடி நடந்திருக்க மாட்டோம். முழங்கால் நடுங்கியது, மூச்சு வாங்கியது, தோள் ஒரு பக்கமாகச் சரிந்தது. பின்னால் வந்த இளைஞர், "விடுங்க மாமா, நான் பிடிக்கிறேன்" என்று தம் தோளை நுழைத்துக்கொண்டார். நம்மைச் சுமந்த மனிதரை நம்மால் பத்தடிகூடச் சுமக்க முடியவில்லை. கபுறடியில் பிடி மண் போடும்போதும் அந்த எண்ணமே நெஞ்சை அறுத்தது.

மருத்துவரிடம் இதைச் சொன்னோம். அவர் வியப்படையவில்லை. "பட்டினியால் குறைந்த 8 கிலோவும் கொழுப்பு என்றா எண்ணினீர்கள்? அதில் ஒரு பங்கு தசை. உணவு வெகுவாகக் குறைந்து, புரதமும் போதாமல், தசைக்கு வேலையும் இல்லையென்றால், உடல் கொழுப்பை மட்டுமன்றித் தசையையும் கரைத்துச் செலவு செய்யும். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால், உண்ட உணவின் சர்க்கரையை இரத்தத்திலிருந்து பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. அதை இழந்து இளைப்பது இலாபமாகாது" என்றார்.

நிற்க. அடுப்புக்கு மூன்று கல் வேண்டும். ஒன்றை எடுத்தால் பானை சாயும். உணவு, நடை, பளு என்னும் மூன்றும் அத்தகையவையே என்பதை இந்த அனுபவத்துக்குப் பிறகே உணர்ந்தோம்.

முதற்கல் உணவு. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து உண்டால், பதினைந்து நாளில் சுமார் ஒரு கிலோ குறையக்கூடும். இதைவிட விரைந்தால் என்ன நேரும் என்பதைச் சந்தூக்கின் அடியில் கண்டுகொண்டோம். எனவே சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காய்கறியும் பருப்பும் மீனும் முட்டையும் சேர்த்தோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தபடி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. எடையைக் குறைத்துக்கொண்டே பளுவும் தூக்குவோர்க்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை சொல்லப்படுகிறது. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில் இருக்கும். நாம் குடித்த கஞ்சியில் இருந்ததோ சொற்பம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

விருந்துகள்தாம் பெருஞ்சோதனை. ஒரே சஹனில் நால்வர் அமர்ந்து உண்ணும் அழகில் அன்பு உண்டு. ஆனால் அவரவர் உண்ட அளவு அவரவர்க்கே தெரியாது. நெய்ச்சோறு குறையக் குறைய மேலே கொட்டிக்கொண்டே இருப்பார்கள். இப்போது நாம் சஹனில் நமக்கு முன்னுள்ள பகுதியை முதலிலேயே விரலால் கோடிட்டுப் பிரித்துக்கொள்கிறோம். அது தீர்ந்தால் நம் விருந்தும் தீர்ந்தது. நோன்பு மாதத்தில் பகலெல்லாம் பசித்திருந்தும் எடை கூடுவோர் நம்மிடையே உண்டு. நோன்பு திறந்ததும் கைநீளும் வடையையும் சமோசாவையும் எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

இரண்டாம் கல் நடை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்புச் செய்ய வேண்டும். நடக்கையில் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம். சுப்ஹு தொழுகைக்குப் பிறகு கடற்கரைச் சாலையில் 40 நிமிடம் நடக்கலானோம். இதயத்திற்கு இது பெருநன்மை. ஆயினும் நடையை நம்பி வாயைத் திறந்துவிடலாகாது. ஒரு மணி நேர விரைநடையில் நம் போன்றவர்க்குச் செலவாவது 300 கலோரி அளவே. பந்தியிலிருந்து எழுந்து கை கழுவுமுன் அதனினும் பன்மடங்கு உள்ளே போயிருக்கும்.

மூன்றாம் கல் பளு. அதே வழிகாட்டுதல் வாரத்தில் இரண்டு நாளேனும் உடலின் பெருந்தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் பணியாற்றும் நம் தங்கை மகன் நமக்கு ஆசானானான். "மாமா, முதலில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள்" என்றான். ஏழாவது முறையிலேயே தொடை கெஞ்சியது. பிறகு சுவரில் கையூன்றித் தள்ளுதல். ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்கள் இரண்டைத் தூக்கி நடத்தல். சில மாதம் கழித்து 10 கிலோ டம்பெல்கள். தூக்கும்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். ஆகவே தூக்குகையில் மூச்சை விட வேண்டும். இதய நோயாளர்களும் சர்க்கரைக்கு மருந்து உண்போரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியே கரையும் என்பதும் வீண் நம்பிக்கை என்று அவன் சொல்லியே தெரிந்துகொண்டோம்.

இவையெல்லாம் ஆண்களுக்குரியவை என்றே நாம் எண்ணியிருந்தோம். ஒருநாள் வெளியே சென்று திரும்பியபோது, உள்முற்றத்தில் நம் துணைவியார் இரண்டு கேன்களோடு நடந்துகொண்டிருந்தார். "ஏங்க, முழங்கால் வலி எனக்குத்தானே? உங்களுக்கு மட்டும் பயிற்சியா?" என்று கேட்டார். மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு எலும்பின் வலுவும் விரைந்து குறைகிறது. அளவான பளு அதற்கும் துணை என்று மருத்துவர் சொன்னபோது, நாமே முன்வந்து அவரை அழைக்காமற்போனதற்கு வெட்கினோம். இப்போது வாரம் மூன்று நாள் இருவரும் சேர்ந்தே செய்கிறோம்.

ஓராண்டு சென்றது. தராசு 77 காட்டுகிறது. பட்டினி கிடந்த காலத்து எடையைவிட ஒரே கிலோ குறைவு. நாம் சற்றே சோர்ந்தபோது துணைவியார், "தராசைப் பார்க்காதீங்க, கைலி முடிச்சைப் பாருங்க" என்றார். பட்டினிக் காலத்தில் 39 அங்குலமாக இருந்த இடுப்பு, இன்று முப்பத்தாறரை. சென்டிமீட்டரில் 93, இன்னும் 3 மீதமிருக்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டிற்கு உள்ளே திரும்பிவிட்டது.

சென்ற மாதம் மற்றொரு ஜனாஸா. தெருமுனையில் தோள் கொடுத்தோம். மையவாடி வாசல்வரை இறக்கவில்லை. எவரும் "விடுங்க மாமா" என்று சொல்லவும் இல்லை.

இவ்வாண்டு நமக்கு வயது 58.