ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்!

சகோதரிகளே, நான் ஏமாந்த கதையைச் சொல்லுகிறேன். சிரிப்பதானால் சிரியுங்கள், படிப்பினையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மணிக்கட்டு வலி தாங்காமல், சீட்டுப் பணம் 9,000 ரூபாயைக் கொடுத்துப் பழைய டிஷ்வாஷர் ஒன்று வாங்கினேன். வெளியே கண்ணாடிபோல் மின்னிற்று. "குழாய் இணைப்பை எடுத்துவிட்டோம், ஓட்டிக் காட்ட முடியாது" என்றார் விற்றவர். நம்பினேன். வீட்டில் ஓட்டினால் சமையலறையே குளமாகிவிட்டது! கதவு ரப்பர் வெடித்திருந்தது. போர் தண்ணீரின் உப்பு உள்ளே பாறையாகப் படிந்து, தண்ணீர் சூடேறவேயில்லை. என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனந்தான் சுட்டது.

அடுத்த தடவை என்ன செய்தேன், தெரியுமோ? பொங்கல் ஒட்டிய எவர்சில்வர் பாத்திரமும் எண்ணெய்க் கரண்டியுமாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, விற்கிறவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்! அந்த அம்மாள் திகைத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே காபி கொடுத்தாள். முழுச் சுற்றும் முடியும்வரை நகரவில்லை. பாத்திரம் சூடாக வந்ததா, அழுக்குத் தண்ணீர் வடிந்ததா, தரையில் சொட்டிற்றா, தண்ணீர் தெளிக்கும் துளைகள் அடைத்திருக்கின்றனவா, வடிகட்டி கழன்று வருகிறதா, எல்லாம் பார்த்தேன். உப்புப் போடும் அறையின் மூடியையும் திறந்து பார்த்தேன். சென்னைத் தண்ணீருக்கு அதுதானே உயிர்! மாடல் எண்ணைச் சொல்லி, உதிரி பாகம் கிடைக்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்ட பிறகே பணத்தை எண்ணினேன்.

"ஓட்டிக் காட்ட முடியாது" என்று யாராவது சொன்னால், "வாங்கவும் முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்!