மருத்துவரிடம் மறைக்கலாமா?

மது ஹராம் என்பதை நம் இல்லங்களில் எவருக்கும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மக்தபில் அலிஃப், பே ஓதத் தொடங்கும் ஏழு வயதுப் பிள்ளையும் அறிந்த செய்தி அது. ஆயினும், அறிந்த சமுதாயம் முழுவதும் அதனின்று விலகி நிற்கிறதா என்று வினவினால், நெஞ்சில் கைவைத்து ‘ஆம்’ என்று சொல்ல நம்மால் இயலவில்லை. “முஸ்லிம் வீட்டில் குடி ஏது?” என்று வெளியே பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம், உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறோம். அண்டை வீட்டாரிடம் மறைப்பதையாவது புரிந்துகொள்ளலாம். மருத்துவரிடமும் மறைக்கிறோமே, அதன் விளைவு என்ன? இதைப் பற்றியே ஈண்டு எழுத விழைகிறேன்.

மதுரை ஆனையூரில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணியில் இருப்பவன் நான். 2011-இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இவ்வூரில் நாள்கூலிக்குச் செல்வோரும், ஆட்டோ ஓட்டுவோரும், சிறு கடை வைத்திருப்போரும் மிகுதி. பிள்ளையை அழைத்துச் செல்ல வரும் தாய்மார்களுள் சிலர், மற்றவர்கள் கலைந்த பிறகு தயங்கி நிற்பார்கள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு தண்ணீர்ப் புட்டி வெளிவரும். “ஹஜ்ரத், பிள்ளையின் அத்தாவுக்காக ஓதித் தாருங்கள்” என்பார்கள். என்ன நோய் என்று கேட்டால் பதில் இராது. கண்கள் மட்டும் கலங்கும். நான் துஆச் செய்யத் தவறுவதில்லை. அத்துடன், “எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள்? அவரிடம் இதைச் சொன்னீர்களா?” என்றும் கேட்பது என் வழக்கம். “ஐயோ, அதை எப்படி வெளியே சொல்வது?” என்பதே பெரும்பாலும் விடையாக வரும்.

அவ்வாறு அறிமுகமான ஒரு சகோதரரின் வாழ்வில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். சரக்கு ஆட்டோ ஓட்டுபவர். நாற்பதைத் தொடாத வயது. இரண்டு ஆண்டுகளாக வயிற்றெரிச்சலுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் ஒரு மருத்துவரிடம் மாத்திரை வாங்கி விழுங்கிவந்தார். உறக்கமில்லை என்றார், அதற்கும் மாத்திரை கிடைத்தது. பாதம் மரத்துப் போகிறது என்றார், ஊசி போடப்பட்டது. இத்தனை துன்பங்களுக்கும் வேராக இருந்த ஒன்றை அவரும் சொல்லவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை.

ஷஅபான் மாத இறுதியில் அவர் உள்ளத்தில் இறையச்சம் எழுந்தது. ரமளான் முழுவதும் நோன்பு நோற்பேன், இனித் தொடமாட்டேன் என்று உறுதி பூண்டார். எத்துணை உயர்ந்த எண்ணம்! ஆனால் முதல் நோன்பன்றே கைகள் நடுங்கின, வியர்வை பெருகியது. இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தார். மூன்றாம் இரவு, சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கூவினார். ஜின் பிடித்துவிட்டது என்று உறவினர் முடிவு செய்து, ஓதிப் பார்ப்பவரைத் தேடிக்கொண்டிருந்த வேளையில்தான் எனக்குச் செய்தி எட்டியது. பெரியாஸ்பத்திரி என்று மதுரை மக்கள் அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனைக்கு உடனே கொண்டு சேர்த்தோம். அல்லாஹ்வின் கருணையால் பிழைத்தார்.

நெடுங்காலம் அன்றாடம் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது, பழகிப்போன மூளையும் நரம்புகளும் கொந்தளிக்கின்றன. சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாட்களில் சித்தப் பிரமை தோன்றி, உயிருக்கே இறுதியாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் சில நாட்கள் அமைதிப்படுத்தும் மருந்தும், தயமின் என்னும் வைட்டமினும் தந்து இந்த ஆபத்தைக் கடத்திவிடுகிறார்கள். விட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. மருத்துவர் துணையோடு விட வேண்டும் என்பதே செய்தி. நோயாளி நோன்பைப் பிற்படுத்திப் பின்னர் கழாச் செய்ய நம் மார்க்கம் அனுமதி வழங்கியிருக்கும்போது, சிகிச்சையை ஏன் ஒத்திப்போட வேண்டும்?

‘உங்கள் ஆட்களிடம் எப்படிக் கேட்பது?’

அவருக்கு இரண்டு ஆண்டுகள் மாத்திரை எழுதிய மருத்துவரைப் பின்னர் சந்தித்தேன். நல்ல மனிதர். “பாய், வரிசையில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதிலும் உங்கள் ஆட்களிடம் இதை எப்படிக் கேட்பது? கேட்டால் அவமதித்துவிட்டதாக நினைக்கமாட்டார்களா?” என்றார். நம் மீது அவர் வைத்த மரியாதையே அச்சகோதரருக்கு வினையாக முடிந்தது!

நாடு முழுவதிலும் நிலை ஏறக்குறைய இதுதான். மைய அரசின் சமூக நீதி அமைச்சகத்திற்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. இந்தியாவில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அதனால் துன்புற்று உதவி தேவைப்படுவோர் 5 கோடியே 70 லட்சத்திற்கும் மேல் என்கிறது அந்த ஆய்வு. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேர் எங்கே? அவர்களுள் பலர் வயிற்றுவலி, இரத்த அழுத்தம், கீழே விழுந்த காயம் என்று ஏதோ ஒரு பெயரில் மருத்துவர் முன் அமர்ந்துவிட்டு வெறும் மாத்திரைச் சீட்டோடு திரும்புகிறார்கள்.

கேட்பதற்கு நெடுநேரம் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் பத்தே வினாக்கள் கொண்ட ஒரு படிவத்தை 1989-இல் வெளியிட்டது. எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடிகிறதா, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா என்பன போன்ற எளிய வினாக்கள். மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐ எட்டினாலே எச்சரிக்கை. மதமும் தொழிலும் பாராமல் எல்லா நோயாளிகளிடமும் கேட்டால் எவரும் தம்மைத் தனித்துச் சுட்டியதாகக் கருதமாட்டார். “எல்லோரிடமும் கேட்பதுதான், உங்களிடமும் கேட்கிறேன்” என்ற ஒரு வாக்கியம் போதும். பிறகு, “உங்கள் வயிற்றெரிச்சலுக்கும் இதற்கும் தொடர்புண்டு. என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?” என்று அவர் வாயிலிருந்தே பதிலை வரவழைக்க வேண்டும். அதட்டினால் அடுத்த முறை அவர் வரமாட்டார்.

மருத்துவருக்கு அந்த நேரமும் இல்லையெனில்? கோவாவில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். சங்கத் என்னும் தொண்டு நிறுவனத்தினர், 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், அளவுமீறிக் குடித்துவந்த 377 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2017-இல் முடிவை வெளியிட்டனர். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பாதிப் பேருக்கு அதனுடன் அதிகப்படியாக நான்கு அமர்வுகள் வரை உரையாடல். ஒவ்வொன்றும் அரைமணி முதல் முக்கால் மணி நேரம். அப்படி உரையாடியோர் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்வாசிகள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, முந்தைய 14 நாட்களில் ஒரு சொட்டும் அருந்தாதவர்கள், வழக்கமான கவனிப்புப் பெற்றோரில் நூற்றுக்கு 18 பேர். உரையாடல் பெற்றோரில் 42 பேர்! அடிமைத்தனம் முற்றியவர்களுக்கு இது போதாது. அவர்களுக்கு மருத்துவமனையே வேண்டும். ஆனால் முற்றுவதற்கு முன்பே தடுத்துவிட இனிய சொற்கள் எத்துணை வலிமையுடையவை என்பதற்கு இது சான்று.

நம் தமிழகத்திலும் முன்னோடிகள் உண்டு. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980-இல் சென்னையில் அதற்கெனவே ஒரு மருத்துவ அமைப்பைத் தொடங்கினார். கிராமங்களுக்கே சென்று முகாம் நடத்தி, குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்பதை மக்களுக்கு உணர்த்தினார். 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘அவருக்குத் தெரியாமல் காப்பியில் கலந்து கொடுங்கள், குடி நின்றுவிடும்’ என்று விற்கப்படும் மாத்திரையையும் பொடியையும் நம்பாதீர்கள். டைசல்ஃபிரம் என்னும் மருந்து, உட்கொண்டவர் குடித்தால் வாந்தியும் படபடப்பும் உண்டாக்கும். இரத்த அழுத்தத்தை வீழ்த்தி உயிரையும் பறிக்கலாம். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே உண்ண வேண்டிய மருந்து அது.

பெருமானார் காட்டிய வழி

அல்லாஹ் மதுவை ஒரே நாளில் தடை செய்துவிடவில்லை. அதன் தீமை பயனைவிடப் பெரிது என்று முதலில் உணர்த்தினான் (2:219). போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்று பின்னர் விலக்கினான் (4:43). உள்ளங்கள் பக்குவப்பட்ட பிறகே முற்றிலும் தடுத்தான் (5:90). மனிதனை மாற்ற அவன் உள்ளத்தை ஆயத்தப்படுத்த வேண்டும் என்ற படிப்பினை இதில் இல்லையா?

ஒருவர் குடித்ததற்காக மீண்டும் மீண்டும் நபி (ஸல்) அவர்கள் முன் கொண்டுவரப்பட்டார். கூடியிருந்தோரில் ஒருவர் அவரைச் சபித்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அம்மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்ததாகப் புகாரி நூல் அறிவிக்கிறது. தண்டனை நிறைவேறியது, சாபமோ தடுக்கப்பட்டது. நாமோ தண்டனைக்கும் வழியின்றி, சிகிச்சைக்கும் வழிகாட்டாமல், சாபத்தை மட்டும் தாராளமாக வழங்கிக்கொண்டிருக்கிறோம்!

ஜமாஅத் நிர்வாகிகள் சிந்திக்க வேண்டும். ஜும்ஆ பயானில் மதுவின் தண்டனையைப் பேசும் நாவு, சிகிச்சைக்கான வாசலையும் காட்டட்டும். போதை மீட்புக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. மனநல உதவிக்கு 14416. இவ்விரண்டையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க எவ்வளவு செலவாகிவிடும்? நம் மஹல்லாக்களில் மருத்துவம் பார்க்கும் டாக்டர்களை நேரில் கண்டு, “எங்கள் மக்களிடமும் தயங்காமல் கேளுங்கள், நாங்கள் வருந்தமாட்டோம்” என்று சொல்லிவருவது ஒரு மாலைநேரப் பணி. பிறர் குறையை மறைப்பது நம் மார்க்கம் போற்றும் பண்பே; ஆயினும் அது ஊர் வாயிலிருந்து காப்பதற்கே தவிர, மருத்துவரின் செவியிலிருந்து ஒளிப்பதற்கு அன்று.

எந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி இறக்காத வல்ல அல்லாஹ், இந்நோயில் உழலும் நம் சகோதரர்களுக்கு உண்மையான தவ்பாவையும் முழுமையான ஷிஃபாவையும், அவர்தம் துணைவியருக்குப் பொறுமையையும், மருத்துவர்களுக்குக் கேட்கும் துணிவையும் வழங்கி அருள்புரிவானாக! ஆமீன்.